சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தால் மீனுக்கு என்ன ஆகிறது? படிப்படியாகக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆற்றின் மேற்பக்கம் ஒரு சுரங்கம் இருக்கிறது. கீழே மீன் குறைந்துகொண்டே வருகிறது என்று வலை வீசுகிறவர்கள் சொல்கிறார்கள். யாரோ வந்து பார்க்கிறார்கள். தண்ணீர் தெளிவாக ஓடுகிறது, செத்த மீன் எதுவும் மிதக்கவில்லை. ஆற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த முடிவு பெரும்பாலும் தவறு. சுரங்கக் கழிவு ஒரே நாளில் ஆறு முழுக்க மீனைக் கொல்வது எப்போதாவது நடப்பது. மற்ற நாட்களில் முட்டை பொரிக்காமல் போகிறது, பொரித்த குஞ்சு முதுகு வளைந்து பிறக்கிறது, தப்பிய குஞ்சு எதிரியின் வாடை தெரியாமல் இரையாகிறது. இப்படித்தான் ஓர் ஆற்றின் மீன்வளம் சத்தமில்லாமல் தேய்கிறது. ஆகவே செத்து மிதக்கும் மீனைத் தேடுவதைவிட, இந்நேரம் பிறந்து வளர்ந்திருக்க வேண்டிய மீன் எங்கே என்று தேடுவதுதான் முக்கியம். அதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மீனவர்கள், மாணவர்கள், ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் என யாரும் இதைப் பின்பற்றலாம்.

படி 1: என்ன தோண்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கழிவில் என்ன இருக்கும் என்பதைக் கனிமமே சொல்லிவிடும்.

செம்பு, துத்தநாகம், ஈயம் எடுக்கும் சுரங்கங்கள், பல தங்கச் சுரங்கங்கள், சில நிலக்கரிச் சுரங்கங்கள் ஆகியவற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கும். பூமிக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. உடைத்து வெளியே குவித்ததும் காற்றும் மழைநீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறுகிறது. இரும்பைத் தின்று வாழும் சில பாக்டீரியாக்கள் இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. அந்த அமிலம் பாறையில் உள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. இதற்கு அமில வடிநீர் என்று பெயர். அமிலத்தை அளக்கும் அளவுகோலுக்கு பிஎச் என்று பெயர்: 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் பிஎச் மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். அங்கே சுரங்க வேலை நின்று பல பத்தாண்டுகள் ஆனபின் எடுத்த அளவு அது. மூடிய சுரங்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது.

தங்கத்தைப் பெரிய ஆலையில் பிரித்தால் சயனைடு, சிறு குழிகளில் கையால் பிரித்தால் பாதரசம். நிலக்கரி, பாஸ்பேட் என்றால் செலினியத்தையும் உப்புகளையும் சந்தேகப்படுங்கள். இரும்புத் தாதுச் சுரங்கத்தில் பெரும்பாலும் நுண்ணிய சேறுதான் பிரச்சினை. இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாறையை வெடிவைத்து உடைக்கும் எந்தச் சுரங்கத்திலும் அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்தின் மிச்சம் தண்ணீரில் கலக்கும். அதிலிருந்து வரும் அம்மோனியா, வெயில் ஏறி பிஎச்சும் உயரும்போது மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சாகிறது.

படி 2: கரையோரம் நடந்து பாருங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

சுரங்கத்துக்கு மேலே, அதன் கழிவு கலக்காத ஓர் இடத்தில் தொடங்குங்கள். அதுதான் உங்கள் ஒப்பீட்டு இடம். அது இல்லாமல் எடுக்கும் எந்த அளவுக்கும் பெரிய மதிப்பு கிடையாது. அங்கிருந்து கீழ்நோக்கி நடங்கள்.

ஆற்றடிக் கற்களில் ஆரஞ்சு நிறப் படிவு இருந்தால் இரும்பு. வெள்ளைப் படிவு அலுமினியமாக இருக்கலாம். நீலப் பச்சை என்றால் செம்பைச் சந்தேகப்படுங்கள். சாம்பல் நிற மாவு போன்ற சேறு, தாதுவை அரைத்த ஆலையின் கழிவுச் சேறாக இருக்கலாம்.

நிறம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். 2015 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டு கிங் என்ற பழைய சுரங்கத்திலிருந்து சுமார் 1.1 கோடி லிட்டர் கழிவுநீர் அனிமாஸ் ஆற்றில் பாய்ந்தது. ஆறு கடுகு மஞ்சளாக ஓடிய படங்கள் உலகெங்கும் போயின. ஆனால் அந்தத் தண்ணீரில் கூண்டில் விட்ட டிரவுட் மீன்களில் கிட்டத்தட்ட எல்லாமே பிழைத்தன. இதற்கு நேர்மாறாக, செம்பும் துத்தநாகமும் கரைந்த அமில நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பாசி வளராததால் அடித்தளம்வரை தெரியும். அழகான அந்தத் தெளிவே ஓர் எச்சரிக்கை.

இரண்டு நீர் சேரும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அமில ஓடை நல்ல ஆற்றில் கலக்கும்போது பிஎச் ஏறுகிறது, அதுவரை கரைந்திருந்த அலுமினியம் திடமாகப் பிரிகிறது. பிஎச் 5ஐ ஒட்டிய இந்த நிலையில் அது மீனின் செவுள் மேலேயே படிகிறது. சளி சுரந்து செவுளை மூடுகிறது, மீன் மூச்சுத் திணறுகிறது. அமிலம் நீர்த்துப்போனால் ஆபத்தும் குறைந்துவிடும் என்று நினைப்போம். கலக்கும் அந்தச் சில நூறு மீட்டரில் அது பொய்யாகிவிடுகிறது.

படி 3: எளிய கருவிகளால் அளந்து பாருங்கள்

பிஎச் மீட்டர், மின்கடத்துதிறன் மீட்டர், வெப்பமானி மூன்றும் போதும். நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு பிஎச் 6.5 முதல் 9 வரை ஏற்றது. 5க்குக் கீழே போனால் பல இனங்களின் முட்டை பொரிக்காது. வளர்ந்த மீன் அங்கே சில காலம் உயிரோடு திரியும், ஆனால் அதற்குப் பின் வாரிசு இருக்காது.

மின்கடத்துதிறன், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். நிலக்கரிக்காக மலையுச்சிகளை வெட்டும் அப்பலாச்சியப் பகுதி ஓடைகளுக்கு, சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ் என்ற எல்லைக்குறியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் வெளியிட்டது. அதற்கு மேல் போனால் மேஃபிளை போன்ற நீர்ப்பூச்சிகள் மறையத் தொடங்குகின்றன. இந்த எண்ணை எல்லா ஆற்றுக்கும் அப்படியே எடுத்துவைக்கக் கூடாது, சில ஆறுகளில் இயற்கையாகவே உப்பு அதிகம். மேலே உள்ள ஒப்பீட்டு இடத்துக்கும் கீழே உள்ள இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். வறண்ட மாதங்களில் கழிவுக் குவியலின் மேல் உலோக உப்புகள் பொரிந்து நிற்கும். முதல் மழை அவற்றை மொத்தமாக வாரிக்கொண்டு வரும். மொன்டானாவில் கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரைகளில் பழைய செம்புச் சுரங்கக் கழிவு படிந்திருந்தது. 1980களில் இடிமழை பெய்து அது கரைந்து இறங்கியபோது ஆற்று மீன்கள் கூட்டமாகச் செத்தன. மாதம் ஒரு நாள் வெயிலில் வந்து மாதிரி எடுத்துப் போகிறவர் கண்ணில் இது படவே படாது. ஒரு நாளுக்குள்ளேயும் அளவு மாறும். பல ஓடைகளில் கரைந்த துத்தநாகம் விடியலை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிற்பகலில் இறங்கிவிடுகிறது. ஆகவே முதல் மழையின்போது ஒருமுறையும், விடியலில் ஒருமுறையும் கட்டாயம் அளந்துவிடுங்கள்.

படி 4: ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பது

உலோகத்துக்கான மாதிரியை அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குப்பியில் எடுக்க வேண்டும். ஒரு பகுதியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, இன்னொரு பகுதியை வடிகட்டாமல் எடுங்கள். முதலாவது கரைந்த உலோகத்தைக் காட்டும், இரண்டாவது சேற்றோடு சேர்த்து மொத்தத்தைக் காட்டும். இரண்டிலும் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சயனைடு மாதிரிக்கு இது அப்படியே தலைகீழ். காரம் சேர்த்து பிஎச் 12க்கு மேல் வைக்க வேண்டும், தவறி அமிலம் சேர்த்தால் நச்சு வாயு வெளிவரும். அதனால் சயனைடு மாதிரியை ஆய்வகத்துக்காரர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். பாதரசத்துக்கு எந்தக் குப்பி என்பதையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடினத்தன்மையையும் (தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) கரைந்த கரிமக் கார்பனையும் (இலை தழை மட்கிக் கரைந்த பொருளின் அளவு) சேர்த்து அளக்கச் சொல்ல மறக்காதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 5: எண்களை மீனின் செவுள் வழியாகப் படியுங்கள்

அறிக்கை வந்ததும் பலர் செய்யும் தவறு, குடிநீர் வரம்போடு ஒப்பிடுவது. செம்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம். நீர்வாழ் உயிர்களுக்கான அமெரிக்க வரம்பைக் கடினத்தன்மைச் சூத்திரப்படி கணக்கிட்டால், கடினத்தன்மை 100 மில்லிகிராம் உள்ள நீரில் குறுகிய கால அளவு 13 மைக்ரோகிராம்தான். நாம் தயங்காமல் குடிக்கக்கூடிய தண்ணீரில் மீன் சாகலாம். 'குடிநீர்த் தரத்துக்குள் உள்ளது' என்ற வரியை அறிக்கையில் பார்த்தால், அது மீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. அதனால் அதன் உடலிலிருந்து உப்பு ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் சோடியத்தையும் கால்சியத்தையும் தண்ணீரிலிருந்து இழுத்து அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. செம்பு சோடியம் இழுக்கும் நொதியை முடக்குகிறது. காட்மியமும் துத்தநாகமும் கால்சியம் நுழையும் வாசலை அடைத்துக்கொள்கின்றன. ஈயம் இரண்டு பக்கமும் தொல்லை செய்கிறது. உப்பு இறங்க இறங்க இரத்தம் கெட்டியாகி, கடைசியில் இதயம் நின்றுபோகும். வெளியே ஒரு காயமும் தெரியாது.

தண்ணீரில் ஏற்கெனவே கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருந்தால், செவுளில் இடம் பிடிக்க உலோகம் அவற்றோடு போட்டி போட வேண்டும். கடின நீரில் உலோக நஞ்சு குறைவாகப் பாதிப்பதற்கு இதுதான் முதல் காரணம். மேலே சொன்ன 13 மைக்ரோகிராம், கடினத்தன்மை 50 ஆகும்போது 7க்கு இறங்குகிறது, 200 ஆகும்போது சுமார் 26க்கு ஏறுகிறது. இலை தழை மட்கிய கரிமப் பொருளும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கருங்கல் மலைகளிலிருந்து வரும் மென்மையான, தெளிந்த நீரோடைதான் எல்லாவற்றிலும் அதிகம் அடிபடும். கடினத்தன்மையைச் சொல்லாமல் உலோக அளவை மட்டும் தரும் அறிக்கையை முழு அறிக்கையாக ஏற்காதீர்கள்.

சாகாத அளவிலும் கேடு உண்டு. இயல்பைவிடச் சில மைக்ரோகிராம் செம்பு கூடினாலே, சில மணி நேரத்தில் இளம் சால்மன் மீனின் மோப்பம் மங்குகிறது. காயம்பட்ட கூட்டாளியின் தோலிலிருந்து வரும் அபாய வாடை தெரிந்ததும் அசையாமல் நிற்க வேண்டிய குஞ்சு, எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டே இருக்கும். பெரிய மீன் அதை விழுங்கிவிடும். எந்தக் கணக்கிலும் அது செம்பால் செத்ததாகப் பதிவாகாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வேதனை தருவது இதுதான்.

படி 6: ஆற்றடியைத் தோண்டிப் பாருங்கள்

முழங்கால் ஆழ நீரில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். மேஃபிளையின் இளம்பூச்சிகள் ஒட்டியிருந்தால் நல்லது. உலோகம் ஏறிய ஓடையில் முதலில் காணாமல் போகிறவை அவைதான். சிவப்புப் புழு போன்ற கொசுவினப் பூச்சிகள் மட்டும் மிஞ்சியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மீனின் சாப்பாடே இந்தப் பூச்சிகள்தான். அவற்றின் உடலில் சேர்ந்த உலோகமும் சாப்பாட்டோடு மீனுக்குள் போகிறது.

அப்புறம் சரளையைப் பாருங்கள். டிரவுட், சால்மன் போன்றவை சரளையைத் தோண்டி முட்டையிடும். கற்களின் இடுக்கில் ஓடும் நீர்தான் முட்டைக்கு உயிர்க்காற்று கொண்டுபோகிறது. கழிவுச் சேறோ ஆரஞ்சு இரும்புப் படிவோ இடுக்கை அடைத்தால் முட்டை அங்கேயே மூச்சு முட்டிப் போகும். கனடாவின் எல்க் பள்ளத்தாக்கில் இன்னொரு விதமாக நடக்கிறது: நிலக்கரிச் சுரங்கக் கழிவுப்பாறை வழியாக வரும் நீரிலிருந்து கால்சைட் படிந்து, சரளையைச் சிமெண்ட் போட்டதுபோல் இறுக்கிவிடுகிறது. மீனால் அதைத் தோண்டவே முடியாது.

படி 7: மீனை எண்ணாதீர்கள், வயதை எண்ணுங்கள்

அனுமதி பெற்று வலையிட்டு, பிடிபட்ட மீன்களின் நீளத்தை அளந்து எழுதிவிட்டு உயிரோடு விட்டுவிடுங்கள். நலமான ஆற்றில் சிறியது நிறைய, நடுத்தரம் கொஞ்சம், பெரியது சில என்று இருக்கும். பெரிய மீன் மட்டும் கிடைத்து விரலளவுக் குஞ்சே இல்லையென்றால், அங்கே இனப்பெருக்கம் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். பார்க்கிறவர் 'எவ்வளவு பெரிய மீன்!' என்று மகிழ்ந்துவிட்டுப் போவார். அந்த ஆறு உண்மையில் முதுமையடைந்துகொண்டிருக்கும்.

இப்படி இனப்பெருக்கத்தை நிறுத்துவதில் செலினியத்துக்கு இணை இல்லை. அது கந்தகத்தைப் போலவே இருப்பதால் புரதத்துக்குள் கந்தகத்தின் இடத்தில் நுழைந்துகொள்கிறது. தாய்மீன் தன் உடலில் சேர்ந்ததை முட்டையின் மஞ்சள் கருவுக்குக் கொடுத்துவிடுகிறது. தாய்க்கு ஒன்றும் ஆவதில்லை. குஞ்சு முதுகெலும்பு வளைந்து, தாடை சிதைந்து, வயிறு நீர்கோத்துப் பிறக்கிறது. வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970களில் அனல்மின் நிலையச் சாம்பல் நீர் கலந்தது. அது சுரங்கம் இல்லைதான், ஆனால் நிலக்கரியிலிருந்து வந்த அதே செலினியம். ஏரியில் இருந்த 20 மீனினங்களில் 19 அழிந்தன. இதனால்தான் 2016இல் அமெரிக்க முகமை செலினியத்துக்கு முட்டையிலேயே வரம்பு வைத்தது: உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராம். ஏரி நீருக்கான வரம்பு லிட்டருக்கு 1.5 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்போ 40.

பிடித்த மீனில் வளைந்த முதுகு, கறுத்த வால், குறுகிய செவுள்மூடி இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வளைந்த முதுகும் கறுத்த வாலும் ஈயத்தாலும் வரும்.

படி 8: மீன்கள் மொத்தமாகச் செத்தால்

முதல் சில மணி நேரம்தான் முக்கியம். நஞ்சு நீரோட்டத்தோடு கீழே போய்விடும், அதனால் அந்த இடத்தில் மட்டுமல்லாமல் கீழ்நோக்கிப் போயும் நீர் எடுக்க வேண்டும். அழுகிய மீனைவிட உயிர் போய்க்கொண்டிருக்கும் மீன்தான் உண்மை சொல்லும். அதைச் சுத்தமான பையில் போட்டு, ஐஸில் வைத்து அனுப்புங்கள். எத்தனை இனம், சிறியதா பெரியதா, எந்த நேரத்திலிருந்து என்று எழுதி, படமெடுத்து வையுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழிவுக் குட்டைப் பக்கம் போகாதீர்கள்.

செவுள் பளிச்சென்று சிவந்திருந்தால் சயனைடு மனதில் வர வேண்டும். இரத்தத்தில் உயிர்க்காற்று இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போவதால் வரும் சிவப்பு அது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் தங்க ஆலையின் கழிவு அணை உடைந்து, சுமார் 1,00,000 கன மீட்டர் சயனைடு நீர் சோமேஷ், திசா ஆறுகள் வழியாக டானூப்வரை போனது. ஹங்கேரியில் மட்டும் 1,000 டன்னுக்கு மேல் மீன் செத்தது. செவுளில் சளியும் நிறப்படிவும் இருந்தால் உலோகம் அல்லது அமிலம். மண் அப்பியிருந்தால் சேறு.

படி 9: அந்த மீனைச் சாப்பிடலாமா?

உலோகத்தைப் பொறுத்து விடை மாறும். காட்மியம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும், ஈயம் பெரும்பாலும் எலும்பிலும் சேரும். குடலை நீக்கி, முள்ளோடு மென்று தின்னாமல் இருந்தால் அவை ஓரளவு குறையும். பாதரசம் அப்படி இல்லை. அது சதையிலேயே இருக்கும், தோலை உரித்தாலும் வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது.

சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள்தான் பாதரசத்தை, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அவற்றில் பல சல்பேட்டைக் கொண்டு வாழ்பவை. சுரங்கக் கழிவு அந்தச் சல்பேட்டையும் தாராளமாகக் கொடுக்கிறது. பின்னர் பாசியிலிருந்து பூச்சி, பூச்சியிலிருந்து சிறு மீன், சிறு மீனிலிருந்து பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. ஆகவே மற்ற மீனைத் தின்னும் பெரிய, வயதான மீனைத் தவிர்த்து, பாசியும் தாவரமும் தின்னும் சிறிய மீனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சந்தேகமுள்ள ஆற்று மீனைப் பரிசோதனை முடிவு வரும்வரை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

படி 10: என்ன கேட்க வேண்டும்

ஆதாரம் கையில் இருந்தால் மூன்றைக் கேளுங்கள். கழிவுக் குவியலுக்குள் காற்றும் மழையும் போகாமல் மூட வேண்டும். வடியும் நீரை ஆற்றில் விடும் முன் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறித்து, உலோகத்தைப் படியவைக்க வேண்டும். கழிவு அணையின் பாதுகாப்பை, அதை நடத்தும் நிறுவனத்தைச் சாராத ஒருவர் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் ஃபுண்டாவோ அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள், சேறு தோசி ஆற்றின் வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் கலந்தது. கழிவு அணைகளுக்கான உலகளாவிய தரநெறி 2020 ஆகஸ்டில்தான் வந்தது. உங்கள் பகுதிச் சுரங்கம் அதை ஏற்றிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

சில சுரங்கங்கள் மீன்குஞ்சு வாங்கி ஆற்றில் விட்டுப் படமெடுத்துக்கொள்ளும். கழிவு நிற்காமல் குஞ்சு விடுவதால் ஒரு பயனும் இல்லை, தெரியாத்தனமாகக் கேடும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஹெய்ல் ஆற்றில், பழைய சுரங்கங்களின் உலோகத்தைத் தாங்கும் பழுப்பு டிரவுட் மீன்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மற்ற ஆறுகளின் மீன்களிலிருந்து அவை மரபிலேயே வேறுபட்டுவிட்டன. வெளி மீனைக் கொண்டுவந்து கலந்தால் அந்தத் தாங்கும் திறன் கரைந்துபோகலாம்.

கழிவு நின்றபின் படி 3, 6, 7 மூன்றையும் ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடங்களில் திரும்பச் செய்யுங்கள். முதலில் கற்களில் பாசி வரும், பிறகு கொசுவினப் பூச்சிகள், பிறகு மேஃபிளைகள். விரலளவுக் குஞ்சுகள் வலையில் மறுபடி அகப்படுவதற்கு அதற்கும் மேல் சில ஆண்டுகள் ஆகும். அவை எத்தனை, என்ன நீளம் என்று அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.